நன்றாக இருக்கிறேன் என்றதால் மறுக்கப்பட்ட மனு

2023 நவம்பர் 29, புதன்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மந்தைவெளி பேருந்து நிலையத்தில் தூறல். வானம் முழுக்க ஒரே கறுப்பு; பெரிய மழை வரும் என்பது நிச்சயம், எப்போது இறங்கும் என்பதுதான் தெரியவில்லை. என்னிடம் இரண்டு குடைகள், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கோப்பு, இன்னொரு உறைக்குள் அதன் நகல்கள், பிளாஸ்கில் காபி. ஏழுமலையும் அவர் மனைவி கஸ்தூரியும் பெரும்பாக்கத்திலிருந்து ஆறு மணிக்கு வந்திருக்க வேண்டும். படை மருத்துவமனையில் ஒன்பது மணிக்கு மருத்துவக் குழு. அந்தப் பத்து நிமிடத்தில் கைபேசியை நான்கு முறை எடுத்துப் பார்த்திருப்பேன்.

முன்னாள் படைவீரர்களுக்கான நம் உதவி மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். விதிகளை நீங்கள் என்னைவிட வேகமாகப் படித்துவிடுவீர்கள். படித்து முடித்த பிறகும் ஊன ஓய்வூதிய மனு ஏன் மறுக்கப்படுகிறது என்பது விளங்காது. நான் இருபத்தாறு ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்தில், மறுப்புக் கடிதம் தட்டச்சாகும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு பதினோரு ஆண்டுகளாக, மறுக்கப்பட்டவர்கள் வந்து உட்காரும் பக்கத்தில் இருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவனுக்குக் கவலை இரண்டு பங்கு.

மறுப்புக் கடிதத்தில் காரணம் தெளிவாகத்தான் இருக்கும். நோய் படைப்பணியால் வந்ததல்ல, படைப்பணியால் கூடியதும் அல்ல என்று எழுதியிருப்பார்கள். அல்லது விடுப்பில் இருந்தபோது நடந்த விபத்து. அல்லது ஊனம் இருபது சதவீதத்துக்குக் கீழே, ஆகவே ஒன்றும் கிடையாது. நீங்கள் உடனே அந்த வரிக்குப் பதில் எழுதத் தொடங்குவீர்கள். அதற்கு முன்னால் எதிரே இருப்பவரிடம் ஒன்று கேளுங்கள். மருத்துவர் கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்?

பீரங்கிப் படையில் இருந்த ஒருவர் திருவல்லிக்கேணியிலிருந்து வந்தார். இரண்டு காதும் போய்விட்டன. ஆனால் குழுவின் அறிக்கையில், சாதாரணப் பேச்சு நன்றாகக் கேட்கிறது என்று இருந்தது. எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அதிகாரி வாயசைத்த ஒவ்வொரு முறையும் இவர் விறைப்பாக நின்று “எஸ் சார்” என்றிருக்கிறார். மூன்று கேள்வி, மூன்று எஸ் சார். மூன்றாவது கேள்வி, “உங்களுக்கு நான் பேசுவது கேட்கிறதா?” என்பது.

சிரிக்காதீர்கள். அவர் ஏமாளி இல்லை. அதிகாரி முன்னால் முடியவில்லை என்று சொல்லக் கூடாது என்று பதினெட்டு வயதிலிருந்து பழக்கப்படுத்தப்பட்டவர். அந்தப் பழக்கம் ஓய்வு பெறும் நாளில் சீருடையோடு கழன்றுவிடாது.

ஏழுமலை விஷயமும் அதுதான். இருபத்து நான்கு ஆண்டு சேவை, கடைசியில் ஹவில்தார். பனிமலைக் காவலில் வழுக்கி விழுந்து வலது முட்டி உள்ளே கிழிந்தது. விழுந்ததற்கு அறிக்கை இருக்கிறது, அறுவைச் சிகிச்சை இருக்கிறது; அதில் யாருக்கும் சந்தேகமில்லை. பணி முடியும் நாளில் மருத்துவக் குழு கூப்பிட்டு, “கைசே ஹோ, ஜவான்?” என்று நலம் விசாரித்தது. “ஏக்தம் ஃபிட், சாப்!” என்றார். உட்கார்ந்து எழச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். வெளியே அவருடைய பிரிவு இளைஞர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்களாம், அவர்கள் பார்க்கும்படி நொண்ட முடியுமா என்று என்னைக் கேட்டார். பதினான்கு சதவீதம் என்று எழுதினார்கள். மனு மறுக்கப்பட்டது. மேல்முறையீடும் மறுக்கப்பட்டது. தீர்ப்பாயம் மட்டும், இன்னொரு முறை மருத்துவக் குழு பார்க்கட்டும் என்றது. அதுதான் இந்தப் புதன்கிழமை. இதற்குப் பிறகு இன்னொரு முறை கிடையாது.

அவர் பெருங்குடியில் ஒரு கணினி நிறுவனத்தின் வாசலில் காவலாளி. நாற்காலி கிடையாது, நிற்பதுதான் வேலை. கஸ்தூரி அடையாறில் ஒரு மருத்துவமனையில் துப்புரவுப் பணி. ஊன ஓய்வூதியம் வந்தால் அவர் உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது குறைந்த சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம். வராவிட்டால் அந்த முட்டி தாங்கும் வரை வாசலில் நிற்க வேண்டும். எவ்வளவு நாள் தாங்கும் என்று எலும்பு மருத்துவர் என்னிடம் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு வாரம் முன்பே மையத்தில் ஒத்திகை வைத்தேன். மளிகைக் கடைக்கு மேலே இருக்கும் நம் அறைக்கு இருபத்திரண்டு படிகள். அவர் ஒவ்வொன்றாக ஏறி வந்தார், நான் சுவரைப் பிடித்தபடி அவருக்குப் பின்னால். நான் மருத்துவராக உட்கார்ந்துகொண்டேன்.

“எப்படி இருக்கிறீர்கள்?”

நாற்காலியிலிருந்து எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார். “நல்லா கீறேன் சார்!”

“யோவ்!” என்றார் கஸ்தூரி. “நல்லா கீறன்னா இங்க இன்னாத்துக்கு வந்த? சுண்டல் வாங்கவா?”

“வாயில தானா வந்துடுச்சு.”

“முந்தாநேத்து பாத்ரூம்ல குந்திட்டு எந்திரிக்க முடியாம என்னக் கூப்ட்டியே, அத்த சொல்லு.”

“அத்தப் போயி ஒரு கர்னல் சாப்கிட்ட சொல்லுவாங்களா?”

“என்கிட்ட மட்டும் சொல்ற?”

“நீ இன்னா கர்னலா?”

“வூட்ல பின்ன யாருய்யா?”

ஆறு முறை ஒத்திகை பார்த்தோம். ஆறு முறையும் முதலில் வந்தது ‘நல்லா கீறேன்’தான்.

ஆறு இருபத்தைந்துக்குப் பேருந்து வந்தது. கஸ்தூரி முதலில் இறங்கினார், கையில் செய்தித்தாள் சுற்றிய நீளமான ஒரு பொட்டலம். பின்னால் ஏழுமலை. முகம் மழித்து, மீசை முறுக்கி, கோட்டில் பதக்கங்கள், தூறலிலும் பளபளக்கும் காலணி. பேருந்தின் படியிலிருந்து ஈரத் தரையில் நேராகக் கால் வைத்து இறங்கி, நொண்டாமல் என்னை நோக்கி நடந்து வந்தார்.

ஒரு நொடி எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அடுத்த நொடி, குழுவும் இதைத்தான் பார்க்கும் என்பது உறைத்தது.

“ஏழுமலை, கால் என்ன ஆச்சு?”

கஸ்தூரிதான் சொன்னார். “ஊசி போட்டுக்கினாரு சார். காலைல நாலரை மணிக்கு காம்பவுண்டர எயுப்பி. என்கிட்ட கூட சொல்லல.”

“வலில மூஞ்சி கோணிக்கினு எப்டி சார் அவங்க முன்னாடி நிக்கறது?” என்றார் ஏழுமலை. “நேரா நின்னுதான் பேசணும்.”

“இது என்ன?” என்று பொட்டலத்தைக் கேட்டேன்.

“தடி சார். எங்க அண்ணன் சொன்னாரு, தடி ஊனிக்கினு நொண்டிக்கினு போனாதான் குடுப்பாங்கன்னு. தி.நகர்ல வாங்கினேன், நானூத்தி எண்பது. ஊசியும் போட்டாச்சு, தடியும் வாங்கியாச்சு. ரெண்டுல ஒண்ணு வேலைக்கு ஆவும்ல?”

புருஷன் வலியை மறைக்க ஏற்பாடு செய்திருக்கிறார், மனைவி அதைக் கூட்டிக் காட்ட ஏற்பாடு செய்திருக்கிறார். ஒரே வீட்டிலிருந்து, ஒரே பேருந்தில்.

தடியைப் பொட்டலத்தை விட்டு எடுக்க வேண்டாம் என்றேன். என் பழைய அலுவலகத்துக்கு வந்து போகும் மருத்துவர் ஒருவர், தடியோடு வருகிறவரின் முகத்தை முதலில் பார்க்க மாட்டேன், தடியின் அடியில் இருக்கும் ரப்பரைப் பார்ப்பேன் என்பார். தேயாத ரப்பரைப் பார்த்துவிட்டால், அதன் பிறகு அந்த ஆள் சொல்லும் உண்மையும் எடுபடாது. உங்களிடம் வருகிறவர்களுக்கு அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர் இந்தத் தடி யோசனையைச் சொல்லியே இருப்பார். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊசியை என்ன செய்வது? ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். கோட்டூர்புரம் தாண்டும்போது மழை வலுத்தது. ஓட்டுநர் ஒருபக்கத் திரையை இறக்கிவிட்டார். மறுபக்கம் இருந்த நான் கோப்பை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். எனக்கு இரண்டு வழிதான் தெரிந்தது. சொல்லாமல் போனால், வலிக்காத முட்டியைத்தான் குழு பார்க்கும்; எக்ஸ்ரே படத்தில் எலும்பு எப்படி இருந்தாலும், ஆள் மடக்குகிறார், நீட்டுகிறார், நடக்கிறார் என்று எழுதுவார்கள். மறுபடியும் பதினான்கு. சொல்லிவிட்டால், இன்னொரு நாள் வா என்று அனுப்பிவிடலாம். வேண்டுமென்றே மறைத்தவர் என்று கோபித்துக்கொள்ளவும் செய்யலாம். இதற்கு நடுவில் பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் பெருங்குடி வாசலில் நிற்க வேண்டும். அரை நாள் விடுப்பே கெஞ்சி வாங்கியது. இன்னொரு விடுப்பு என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று மேற்பார்வையாளர் முன்பே சொல்லியிருந்தார்.

எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். கிண்டி சிக்னலில் ஆட்டோ நின்றபோது என்னவோ தோன்றி, சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்டேன்.

“காவல் மாறும்போது துப்பாக்கியை அடுத்த ஆளிடம் எப்படிக் கொடுப்பீர்கள்?”

“செக் பண்ணி, ரிப்போர்ட் பண்ணிக் குடுப்போம் சார்.”

“அதில் ஏதாவது பழுது இருந்தால்?”

“சொல்லணும். சொல்லாம குடுத்தா அது பெரிய குத்தம் சார். அவன் உசுரே போயிடும்.”

“சொல்ல வெட்கமாக இருக்காதா?”

“அதுல இன்னா வெக்கம்? பழுது பொருளுது. என்னுது இல்ல.”

கஸ்தூரி திரும்பிப் பார்த்தார். “அப்போ முட்டிய மட்டும் ஏன்யா எண்ண போட்டுத் தொடச்சிக் காட்டிக்கினு கீற? அதுவும் சர்க்கார் வேலைக்கு எத்துனுபோயி ஒடச்ச பொருளுதான?”

ஏழுமலை முட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார். ஆட்டோ மருத்துவமனை வாசலில் நின்றது. இறங்குவதற்கு முன் கேட்டார்: “ஊசியையும் ரிப்போர்ட் பண்ணணுமா சார்?”

“பண்ண வேண்டும்.”

“அப்போ ரெண்டு மணி டூட்டி?”

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். மனு நம்முடைய வேலை. அவர் வீட்டு அடுப்பு நம்முடையது அல்ல. எது எதற்கு இடைஞ்சல் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுத்திக்கொள்வது கடினம்.

ஒன்பது இருபதுக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும். நான்கு நிமிடத்தில் அவர் திரும்பி வந்தார். அவ்வளவு சீக்கிரம் வந்ததும், திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

“மூணு மணிக்கு வரச் சொல்லிட்டாங்க சார். ஊசி எறங்கினப்புறம்.”

“கோபித்தார்களா?”

“மொதல்ல மொறச்சாங்க. நடுவுல ஒரு மேடம், கர்னல். ஏன் போட்டுக்கினன்னு கேட்டாங்க. உங்க முன்னாடி நேரா நிக்கணும்னுதான்னு சொன்னேன். பேனாவக் கீய வெச்சிட்டாங்க.”

கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் அந்தத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மழை பெய்துகொண்டே இருந்தது. பன்னிரண்டரைக்கு மேற்பார்வையாளரின் அழைப்பு வந்தது. ஏழுமலை எழுந்து நின்று பேசினார். “வர முடியல சார். டாக்டர் வெயிட் பண்ண சொல்லிக்கீறாங்க.” அந்தப் பக்கக் குரல் எங்கள் இருவருக்குமே கேட்டது. நாளைக்கும் வர வேண்டாம் என்றது. அவர் “சரி சார்” என்று சொல்லிக் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கஸ்தூரி மழையைப் பார்த்தபடி, “சனியன் உட்டுது” என்றார். அது நிம்மதியா பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றரைக்கு வலி வரத் தொடங்கியது. முதலில் உட்கார்ந்த வாகை மாற்றினார். பிறகு காலை நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டினார். இரண்டு மணிக்கு மேல் உதட்டின் மேல் வியர்வை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின.

“கஸ்தூரி, மாத்திரை குடு.”

“மாட்டேன்.”

“ஒண்ணே ஒண்ணு.”

மாத்திரை கஸ்தூரியின் பையில்தான் இருந்தது. கை, பையின் ஜிப் மேலேயே இருந்தது. ஜிப்பை இழுக்கவில்லை, கையை எடுக்கவும் இல்லை. ஏழுமலை என்னைப் பார்த்தார். “சார், நீங்க சொல்லுங்க.”

உங்கள் வேலையில் இதைவிட மோசமான கணம் அதிகம் வராது. ஒரு மனிதர் உங்கள் கண் முன்னால் துடிக்கிறார். ஒரு சொல் சொன்னால் அது நின்றுவிடும். அந்தச் சொல்லைச் சொன்னால் அவர் பன்னிரண்டரைக்கு விட்ட வேலையும் வீண், வந்த வழியும் வீண். இன்னும் ஐம்பது நிமிடம் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் ஒரு நாள் சரி என்று படுகிறது, மறுநாள் கொடுத்திருக்கலாமே என்று படுகிறது.

அங்கே உட்கார்ந்திருக்க முடியாமல் தேநீர் வாங்கிவர எழுந்தேன். நான்கடி போவதற்குள் கஸ்தூரியின் குரல் வந்தது.

“சார், நீ இன்னா செவுத்தப் புடிச்சிக்கினே நடக்கிற? அன்னிக்கு மாடிப்படிலயும் பாத்தேன்.”

“ஒன்றும் இல்லை அம்மா. நன்றாக இருக்கிறேன்.”

அந்த வலியிலும் ஏழுமலை சிரித்துவிட்டார். “இவரும் ஃபிட்டு!”

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே அவருக்கு இரண்டு முயற்சி ஆயிற்று. கோட்டைச் சரிசெய்துகொண்டார், பதக்கங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், காலை இழுத்து இழுத்து உள்ளே போனார். கதவு முழுதாகச் சாத்தவில்லை. கேள்வி எங்களுக்குக் கேட்கவில்லை. கஸ்தூரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ‘நல்லா கீறேன்’ வந்துவிடும் என்றே இருவரும் காத்திருந்தோம்.

அவர் குரல் வந்தது. காவல் மாற்றுகிறவனின் குரல், உரத்து, ஏற்ற இறக்கமில்லாமல், இந்தியில். வலது முட்டி. படி ஏறும்போது நடுவில் பூட்டிக்கொள்கிறது. கீழே உட்கார்ந்தால் யாராவது தூக்க வேண்டும். இரவில் இரண்டு முறை எழுப்புகிறது. கழிவறையில் மனைவியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. காலையில் ஊசியால் மறைத்தேன், இப்போது மறைக்கவில்லை. ரிப்போர்ட் முடிந்தது, மேடம்.

“கர்னல்கிட்டயே சொல்லிட்டான்யா” என்று கஸ்தூரி மெல்லச் சொன்னார். புருஷனை அவர் ‘ன்’ போட்டுச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அழுதுகொண்டிருந்தார்.

ஆணை வர அடுத்த ஆண்டு மே மாதம் ஆயிற்று. இருபதுக்கு மேலேயே எழுதியிருந்தார்கள். இடைப்பட்ட மாதங்கள் கஸ்தூரியின் சம்பளத்தில் ஓடின. பெருங்குடி வேலை போனது போனதுதான். இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வென்ற மனுவிலும் ஒருவர் எதையாவது விட்டுக்கொடுத்திருப்பார், ஆணையில் அது இருக்காது. இப்போது ஏழுமலை ஒரு திருமண மண்டபத்தில் சாவிகளுக்குப் பொறுப்பு. உட்கார்ந்து பார்க்கும் வேலை.

ஆணை வந்த வாரம் இருவரும் இனிப்போடு மையத்துக்கு வந்தார்கள். அவர்களை வழியனுப்ப நானும் கீழே இறங்கினேன். பதினோராவது படியில் நின்றேன். நிற்க நினைக்கவில்லை, நின்றுவிட்டேன். கஸ்தூரி கீழிருந்து அண்ணாந்து பார்த்தார். பிறகு பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தச் செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்தார். ஆறு மாதமாக அவர் வீட்டு மூலையில் கிடந்ததாம், கொண்டுவந்ததே எனக்காகத்தானாம்.

“எனக்கு வேண்டாம் அம்மா.”

“ஏன், நல்லா கீறியா?”

ஏழுமலை படியின் கீழே நேராக நின்றார். சிரிக்கவில்லை. “சார், ரிப்போர்ட்.”

மளிகைக் கடைக்காரர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடியே சொன்னேன். இடது இடுப்பு. இரண்டு ஆண்டாக. வீட்டில் சொல்லவில்லை. அடையாறில் என் மருத்துவர் போன முறை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார், நன்றாக இருக்கிறேன் என்றேன். இந்த மாதத்தோடு நான் மாடி ஏறி மையத்துக்கு வருவதை நிறுத்திக்கொள்வதற்கு வேறு காரணம் எதையும் நீங்கள் தேட வேண்டாம்.

தடியை வாங்கிக்கொண்டேன். ஆறு மாதப் பழையது, பாதி விலை தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். கஸ்தூரி அதைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருந்த ரப்பரைக் காட்டினார். கொஞ்சமும் தேயவில்லை. முழுதாக வாங்கிக்கொண்டுதான் போனார், நானூற்று எண்பது ரூபாய்.